கேள்வி – பதில்: ஸ்பானிய இலக்கியத்தில் கற்பனாவாதமும் யதார்த்தவாதமும்

கேள்வி: 19ஆம் நூற்றாண்டு ஸ்பானிய இலக்கியத்தில் முதல் பாதி, உணர்ச்சியையும் கற்பனையையும் முன்னிறுத்தும் கற்பனாவாதத்துக்கும், பின்பாதி, அன்றாட வாழ்வை உள்ளபடி காட்டும் யதார்த்தவாதத்துக்கும் உரியது என்று பாடநூல்கள் சொல்கின்றன. ஒன்று ஓய்ந்த பிறகுதான் மற்றது தோன்றியதா?

பதில்: வகுப்பறைக்கு அந்தப் பிரிவினை வசதியானது, ஆனால் ஆண்டுகளை வரிசையாக எழுதிப் பார்த்தால் அது நிலைக்காது. ஸ்பெயினைச் சர்வாதிகாரமாக ஆண்ட மன்னர் ஏழாம் பெர்னாந்தோ 1833இல் இறந்த பின், நாடு கடந்து வாழ்ந்த தாராளவாதிகள் பலர் திரும்பி வந்தார்கள். அவர்களுள் ஒருவரான ரீவாஸ் கோமகனின் ‘தோன் ஆல்வாரோ’ 1835இல் மாட்ரிட்டில் மேடையேறியபோதுதான் கற்பனாவாத நாடகம் அங்கே வேரூன்றியது. பெண்களை மயக்கித் திரியும் தோன் ஹுவானைப் பற்றிய சொரில்லாவின் நாடகம் ‘தோன் ஹுவான் தெனோரியோ’ 1844இல் வந்தது. யதார்த்த நாவலுக்கு வழி திறந்ததாகக் கருதப்படும் பெர்னான் கபாயேரோவின் ‘லா கவியோத்தா’ வெளியானதோ 1849இல், அதாவது ஐந்தே ஆண்டுகளில். யதார்த்தவாத நாவலாசிரியர் கால்தோஸின் முதல் நாவல் 1870இல் வெளிவந்துவிட்டது. கற்பனாவாதக் கவிதையின் உச்சம் என நான் கருதும் பெக்கரின் ‘ரீமாஸ்’ அதற்கு அடுத்த ஆண்டுதான் நூலாயிற்று.

ஆண்டுக் கணக்கை விடவும் அழுத்தமான சான்று ஒன்று யதார்த்தவாத எழுத்தாளர் கிளாரினின் ‘லா ரெஹெந்தா’ நாவலில் (1884–85) இருக்கிறது. வெதுஸ்தா என்னும் மாகாண நகரில், வயது மூத்த கணவருடன் வறண்ட வாழ்க்கை வாழும் ஆனா ஒசோரெஸ், அனைத்துப் புனிதர் திருநாளன்று சொரில்லாவின் அதே நாடகத்தைப் பார்க்கப் போகிறாள். ஊர்ப் பெரிய மனிதர்கள் அரட்டையடிக்கிறார்கள். அவளோ கன்னிமடத்தில் அடைபட்ட நாடக நாயகி இனேஸிடம் தன்னையே கண்டு, அடக்க முடியாமல் அழுகிறாள். அவளைக் கவர முயல்பவனும் அவள் மனத்தில் தோன் ஹுவானாக நிற்பவனுமான ஆல்வாரோ மெசியாவுக்கோ, கேலி நாடகங்களுக்கு மட்டுமே உதவும் பழைய சரக்கைப் பற்றி இவ்வளவு உருகிப் பேசுவது அபத்தமாகத் தோன்றுகிறது. நான் திரும்பத் திரும்பப் படிக்கும் அத்தியாயம் இது. ஆனாவின் கண்ணீரைக் கிளாரின் ஓரிடத்திலும் சிறுமைப்படுத்துவதில்லை. அந்த நாடகத்தை உண்மையாகக் கேட்டவள் அவள் ஒருத்திதான் என்பதை நமக்கு உணர்த்திவிடுகிறார்.

ஆகவே யதார்த்தவாதம் கற்பனாவாதத்தைப் புதைத்துவிட்டு வந்ததன்று. மனிதர்களின் நெஞ்சில் அது உயிரோடிருப்பதைக் கண்டு, அதற்கு அன்றாட வாழ்வில் என்ன நேர்கிறது என்று எழுதியது. சொரில்லாவின் நாடகத்தில் இனேஸின் அன்பு தோன் ஹுவானின் ஆன்மாவைக் காப்பாற்றுகிறது. கிளாரினின் நாவலில், 17ஆம் நூற்றாண்டு நாடகாசிரியர் கால்தெரோனின், மானத்தைப் போற்றும் நாடகங்களை ஆராதித்த ஆனாவின் கணவர், அவளுக்குக் காதலனாகிவிட்ட மெசியாவுடனான துப்பாக்கிச் சண்டையில் நிரம்பிய சிறுநீர்ப்பையில் குண்டு பாய்ந்து இறக்கிறார். மெசியா மாட்ரிட்டுக்கு ஓடிப்போகிறான். ஊரே ஒதுக்கிவைத்த ஆனா, பேராலயத்தின் இருட்டில் மயங்கி விழுகிறாள்.