குளிரில் தொட்டிச் செடிகளின் இலைகள் பழுக்கின்றன, என்ன செய்வது?

கேள்வி: பால்கனியில் குரோட்டன்ஸும் டிஃபன்பேக்கியாவும், ஜன்னலோரத்தில் மணி பிளான்ட்டும் தொட்டிகளில் வளர்க்கிறேன். குளிர் தொடங்கியதிலிருந்து அடி இலைகள் மஞ்சளாகி உதிர்கின்றன. டிஃபன்பேக்கியா இலையில் நீர் கோத்ததுபோல் கரும்பச்சைத் திட்டுகள் வந்திருக்கின்றன. தினமும் காலையில் தவறாமல் தண்ணீர் ஊற்றுகிறேன். பாலித்தீன் போட்டு மூடலாமா?

பதில்: மூடுவதை அப்புறம் பார்க்கலாம். முதலில் தினசரித் தண்ணீரை நிறுத்துங்கள்.

உங்கள் செடிகளுக்கு இரண்டு தொல்லைகள் சேர்ந்து வந்திருக்கின்றன. திட்டுகள் குளிர் தாக்கியதால் வந்தவை. இவையெல்லாம் வெப்பமண்டலச் செடிகள். இரவில் 10 டிகிரி செல்சியஸுக்குக் கீழே போனாலே, உறைபனி இல்லாமலும் இலைத் திசு சேதமாகும். அடி இலை மஞ்சளாவதற்குப் பெரும்பாலும் ஈரமே காரணம். குளிரில் வேர் மந்தமாகிவிடும், தண்ணீரை உறிஞ்சாது. தரையில் நட்ட செடிக்கு ஆழத்து மண்ணின் வெதுவெதுப்பு உண்டு. தொட்டி மண்ணோ நான்கு பக்கமும் குளிர்ந்து போகும். அந்தச் சில்லிட்ட ஈரத்தில்தான் வேரழுகல் பூஞ்சாணம் பரவுகிறது. குளிரில் சாகும் தொட்டிச் செடிகளில் பல இப்படித்தான் போகின்றன.

சந்தேகமாக இருந்தால் ஒரு செடியை மண்ணோடு மெல்ல வெளியே எடுத்துப் பாருங்கள். நல்ல வேர் வெளிறி, உறுதியாக இருக்கும். அழுகிய வேரை இழுத்தால் மேல்தோல் உருவிக்கொண்டு வந்து, நடுவில் நூல் மட்டும் மிஞ்சும். அப்படி இருந்தால் அழுகியதை வெட்டிவிட்டு, நீர் தேங்காத புது மண் கலவையில் வையுங்கள். வேர் நன்றாக இருந்தால் இப்போது தொட்டி மாற்ற வேண்டாம்.

இனி விரலை இரண்டு அங்குலம் மண்ணுக்குள் விட்டு, காய்ந்திருந்தால் மட்டும் தண்ணீர் விடுங்கள். காலையில், அறை வெப்பத்தில் இருக்கும் நீராக இருக்கட்டும். தட்டில் வடிந்ததைக் கொட்டிவிடுங்கள். புதுத் தளிர் வரும்வரை உரம் வேண்டாம்.

பால்கனிச் செடிகளை உள்ளே, நல்ல வெளிச்சத்தில் வையுங்கள். இலை ஜன்னல் கண்ணாடியைத் தொடக்கூடாது. இரவில் கண்ணாடி சில்லிட்டுவிடும். தரையும் அப்படித்தான், தொட்டிக்கு அடியில் பலகையோ தெர்மாகோலோ போடுங்கள். ஹீட்டர் பக்கத்தில் வைத்தால் காற்று வறண்டு செஞ்சிலந்தி (இலைச் சாற்றை உறிஞ்சும் மிகச் சிறிய பேன்) வரும், இலையின் அடிப்பக்கத்தை அடிக்கடி திருப்பிப் பாருங்கள்.

உள்ளே இடமில்லை என்றால், செடிகளைச் சுவரோரம் நெருக்கி வைத்து இரவில் பருத்தித் துணியால் மூடுங்கள். பாலித்தீன்தான் இருக்கிறது என்றால் குச்சி நட்டு, இலையில் படாமல் போர்த்துங்கள். பட்ட இடத்தில் குளிர் நேராக இறங்கும். விடிந்ததும் எடுத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் உள்ளே வியர்த்து நோய் வரும்.

கருகிய இலைகளைப் பார்த்துக் கலங்கி, செடியை ஒட்ட வெட்டிவிடாதீர்கள். தண்டு உறுதியாக இருந்தால் செடிக்கு உயிர் இருக்கிறது. கொழகொழத்த இலைகளை மட்டும் இப்போது எடுங்கள்; மற்றதைக் குளிர் போன பிறகு வெட்டலாம். டிஃபன்பேக்கியாவின் சாறு தோலில் பட்டால் அரிப்பு வரும், கையுறை போட்டுக்கொள்ளுங்கள்.