வாசகர் கேள்வி – பதில்: அந்தியேட்டி மலர் அச்சுக்குப் போகும் முன்

யாழ்ப்பாணத்திலும் புலம்பெயர்ந்த ஊர்களிலும், ஒருவர் காலமான 31ஆம் நாளில் அந்தியேட்டிக் கிரியையோடு வெளியிடும் நினைவு மலர் குறித்து வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இம்முறை பதில் தருகிறோம்.

அம்மம்மா உத்தியோகம் பார்த்தவர் அல்ல, வீட்டோடு இருந்தவர். வாழ்க்கைக் குறிப்பில் அரைப் பக்கத்துக்கு மேல் எழுத வரவில்லை. மிச்சத்தைத் தேவாரத்தால் நிரப்பலாமா? – வாசகி, கோண்டாவில்

பஞ்சபுராணம் போடுங்கள். தேவாரம், திருவாசகம், திருவிசைப்பா, திருப்பல்லாண்டு, திருப்புராணம் என்ற ஒழுங்கு மாறாமல் இருந்தால் போதும். ஆனால் அது எல்லார் வீட்டு மலரிலும் இருப்பது. "அன்பும் பண்பும் நிறைந்த இல்லத்தரசி" என்ற வரியும் அப்படித்தான். பெயரை மாற்றினால் எவருக்கும் பொருந்தும். உங்கள் அம்மம்மாவுக்கு மட்டும் பொருந்துகிறவற்றைத் தேடுங்கள்.

அதற்கு நல்ல காலம் செத்தவீட்டுக்கும் எட்டுச் செலவுக்கும் (எட்டாம் நாள் கிரியை) இடைப்பட்ட நாட்கள். அவரை அறிந்த வயதானவர்கள் தாங்களாகவே வீட்டுக்கு வருவார்கள், வந்து அவரைப் பற்றித்தான் கதைப்பார்கள். அனுமதி கேட்டுக் கைபேசியில் பதிவு செய்யுங்கள். "எப்படிப்பட்டவா?" என்று கேட்டால் "தங்கமான மனுசி" என்பதற்கு மேல் ஒன்றும் வராது. "காலமை எழும்பினா முதல் என்ன செய்வா?", "ஆருக்குக் கடன் குடுத்தவா?", "எந்தக் கிணத்தில தண்ணி அள்ளினவா?" என்று கேட்டுப் பாருங்கள், கதை தானாக நீளும். உறவினரை மட்டும் பிடித்துக்கொண்டிருக்க வேண்டாம். அவரோடு சீட்டுப் பிடித்தவர்கள், பக்கத்து வளவுக்காரர், தோட்டத்துக்கு வந்து போனவர்கள் எல்லாரிடமும் பிள்ளைகளுக்குத் தெரியாத கதைகள் இருக்கும்.

பிறகு ஓர் ஆண்டுவரிசை போடுங்கள். பிறந்த ஊர், படித்த பள்ளிக்கூடம், எந்த வகுப்பில் படிப்பை மறித்தார்கள், கலியாணம், ஒவ்வொரு பிள்ளையும் பிறந்த இடம். 1995 ஒக்டோபர் இடப்பெயர்வில் எந்தப் பாதையால் போனார், எங்கே தங்கினார், எந்த ஆண்டு திரும்பினார். இந்தப் பக்கத்தைத்தான் பேரப்பிள்ளைகள் பின்னாளில் தேடுவார்கள்.

கைப்பக்குவத்துக்கும் ஒரு பக்கம் ஒதுக்குங்கள். மிளகாய்த்தூளுக்குச் செத்தல் எத்தனை பங்கு, மல்லி எத்தனை பங்கு, வெந்தயம் எப்போது போடுவார், எந்த நிறம் வரும்வரை வறுப்பார், ஒடியற்கூழுக்கு மாவை எவ்வளவு நேரம் ஊறவிடுவார் என்று அவரோடு அடுப்படியில் நின்றவரிடம் கேட்டு எழுதுங்கள். "ஒரு சுண்டு" என்று மட்டும் எழுதினால் வெளிநாட்டுப் பிள்ளைகளுக்கு விளங்காது. உங்கள் வீட்டுச் சுண்டாலேயே ஒவ்வொரு சாமானையும் அளந்து, தராசில் நிறுத்து, கிராமையும் பக்கத்தில் போடுங்கள். மல்லி ஒரு சுண்டும் மிளகாய்த்தூள் ஒரு சுண்டும் ஒரே நிறை இல்லை.

அப்பா ரொறன்ரோவில் இரவு 9 மணிக்குக் காலமானார். யாழ்ப்பாணப் பஞ்சாங்கத்தில் எந்தத் திகதியைப் பார்ப்பது? திதி வெண்பா கட்டாயமா? – வாசகர், ஸ்கார்பரோ

சூரியனுக்கும் சந்திரனுக்கும் இடையிலான கோணம் 12 பாகை கூட ஒரு திதி நகரும். ஆகவே அது மாறும் கணம் உலகம் முழுவதற்கும் ஒன்று. மணிக்கூடு மட்டும்தான் ஊருக்கு ஊர் வேறு. இலங்கைப் பஞ்சாங்கத்தைப் பார்ப்பதென்றால் நேரத்தை முதலில் இலங்கை நேரமாக்க வேண்டும். ரொறன்ரோவுக்குக் கோடையில் 9½ மணித்தியாலமும் குளிர்காலத்தில் 10½ மணித்தியாலமும் கூட்டுங்கள். கோடையில் இரவு 9 மணி என்றால் இலங்கையில் அடுத்த நாள் காலை 6.30. இதைச் செய்யாமல் கனடாத் திகதியையே பஞ்சாங்கத்தில் பார்த்தால் ஒரு திதி தவறிவிடலாம், பிறகு ஆண்டுதோறும் திவசம் பிழையான நாளில் வரும். வாக்கியப் பஞ்சாங்கமும் திருக்கணிதப் பஞ்சாங்கமும் சில நாட்களில் சில மணித்தியாலம் வேறுபடும். உங்கள் குடும்பம் எதைக் கைக்கொள்கிறது என்பதைக் கிரியை செய்யும் குருக்களிடம் கேட்டு, அந்தப் பஞ்சாங்கத்தின் பெயரையும் மலரில் குறித்துவிடுங்கள்.

வெண்பா கட்டாயமில்லை. ஆனாலும் ஆண்டு, மாதம், பக்கம் (வளர்பிறையா தேய்பிறையா என்பது), திதி நான்கையும் நாலு வரியில் மனப்பாடம் செய்ய அதைவிட வசதி வேறில்லை. மாதிரிக்கு ஒன்று:

குரோதியெனும் ஆண்டில் குலவா வணியில்
பரவபர பக்க நவமி – ஒருவிப்
புவிவாழ்வை எங்கள் பொறுமைத்தாய் சேர்ந்தாள்
சிவனார் திருவடியின் கீழ்.

குரோதி ஆண்டு, ஆவணி மாதம், அபரபக்க (தேய்பிறை) நவமி; அதாவது 2024 ஆகஸ்ட் 27. வெண்பாவுக்கு அடியில் ஆங்கிலத் திகதியையும் போடத்தான் வேண்டும், ஏனென்றால் ஆண்டுப் பெயர் 60 ஆண்டுக்கு ஒருமுறை திரும்பி வரும். 1964இலும் ஒரு குரோதி பிறந்தது. எழுதிக் கொடுப்பவரிடம் தளை (சீரோடு சீர் இணையும் விதி) பார்க்கச் சொல்லுங்கள். பெயரை எப்படியாவது நுழைக்கப் போய் வெண்பா உடைவதுதான் வழக்கமான பிழை. பெயர் தலைப்பில் இருக்கிறதே, வெண்பாவுக்குள் இல்லாவிட்டால் என்ன?

உறவுமுறைப் பட்டியலில் போனமுறை பெரிய மனஸ்தாபம் வந்தது. எப்படித் தவிர்ப்பது? – வாசகர், வவுனியா

பிழை வழக்கமாக "காலஞ்சென்றவர்களான" என்ற சொல்லில்தான் வரும். அதற்குப் பின்னால் காற்புள்ளி போட்டு அடுக்கும் எல்லாப் பெயரையும் அது பிடித்துக்கொள்ளும். மூன்று சகோதரரில் இருவர் இறந்து ஒருவர் உயிரோடிருந்தால், உயிரோடிருப்பவரின் பெயரை முன்னால் எழுதி, பிறகு "காலஞ்சென்றவர்களான" என்று தொடங்குங்கள். இல்லாவிட்டால் அவர் தன் மரணச் செய்தியைத் தானே வாசிக்க நேரும்.

பெற்றோர், துணை, மாமன் மாமி, பிள்ளைகள், மருமக்கள், சகோதரர், மைத்துனர், சகலன் சகலி, பெறாமக்கள், பேரப்பிள்ளைகள், பூட்டப்பிள்ளைகள் என்ற ஒழுங்கில் போங்கள். மருமக்களின் பெயரைப் பிள்ளைகளின் வரிசைப்படியே அடுக்கினால் எவர் எவருக்குத் துணை என்பது குழம்பாது. வம்சாவளிப் படம் போடுவதென்றால் தாய்வழி ஒரு பக்கம், தகப்பன்வழி ஒரு பக்கம். இரண்டையும் ஒன்றில் அடைத்தால் எழுத்து எறும்பளவாகிவிடும்.

நன்றி நவிலலில் ஆட்களின் பெயரே வேண்டாம். உணவு தந்தோர், பந்தல் போட்டோர், மலர்வளையம் வைத்தோர் என்று உதவியைச் சொல்லுங்கள். விடுபட்ட ஒரு பெயர் பத்து வருடத்துக்குப் பேசப்படும்.

ஆச்சியின் படம் ஒன்றே ஒன்றுதான் மிஞ்சியது, அதுவும் பாஸ்போர்ட் அளவு. முழுப்பக்கத்துக்குப் பெரிதாக்கலாமா? – வாசகி, லண்டன்

முடியும். 35 x 45 மில்லிமீற்றர் படத்தை 1200 டிபிஐயில் (ஓர் அங்குலத்துக்கு 1200 புள்ளி) ஸ்கான் செய்தால், அச்சுக்குரிய 300 டிபிஐயில் 14 x 18 சென்ரிமீற்றர் கிடைக்கும். ஏ5 பக்கத்துக்கு அது காணும். 300இல் ஸ்கான் செய்துவிட்டுப் பிறகு இழுத்தால் முகம் மங்கிப் போகும். கோப்பை வாட்ஸ்அப்பில் படமாக அனுப்ப வேண்டாம், அது சுருக்கிவிடும். டொக்கியுமென்ற் ஆக அனுப்புங்கள்.

சட்டகக் கண்ணாடியில் ஒட்டிப்போன படத்தை உரிக்கவே கூடாது. ஈரத்தில் படத்தின் மேற்பூச்சு கண்ணாடியோடு பிடித்திருக்கும், உரித்தால் முகம் கண்ணாடியோடு போய்விடும். கண்ணாடியோடு சேர்த்தே ஸ்கான் செய்யுங்கள். முடியாவிட்டால் யன்னல் வெளிச்சத்தில், பிளாஷ் இல்லாமல், கமெராவுக்குப் பின்னால் கறுப்புத் துணி பிடித்துப் படமெடுங்கள்.

பழைய படத்தைப் புதிதாக்கும் செயலிகளில் கவனம் தேவை. இல்லாத விவரத்தை அவை ஊகித்து வரைகின்றன. மச்சம் போய்விடும், கண் வேறொருவருடையதாகிவிடும். கீறலையும் கறையையும் மட்டும் நீக்கச் சொல்லுங்கள்.

இன்னும் படம் தேடுவதென்றால் மற்றவர்களின் கலியாண அல்பங்களைப் பாருங்கள். இடப்பெயர்வுக்கு முன்பே வெளிநாடு போனவர்களிடம் பல படங்கள் பத்திரமாக இருக்கும்.

31ஆம் நாளுக்கு மலர் கைக்கு வர எப்போது தொடங்க வேண்டும்? அச்சகத்தில் எதைக் கவனிப்பது? – வாசகர், மானிப்பாய்

எட்டாம் நாளுக்குள் தகவல், 15க்குள் தட்டச்சு, 20க்குள் மெய்ப்பு, 24க்குள் அச்சு. மெய்ப்பை மூவர் பார்க்கட்டும்: உறவு தெரிந்தவர், தமிழ் தெரிந்தவர், திகதி தெரிந்தவர். கைபேசித் திரையில் பார்த்து ஒப்புதல் கொடுக்காதீர்கள், கடதாசியில் எடுத்துப் பாருங்கள்.

எழுத்துருதான் வழக்கமான தலையிடி. நீங்கள் யூனிகோட்டில் அனுப்புவீர்கள், அச்சகம் பாமினி என்ற எழுத்துருவில் வேலை செய்யும். பாமினியில் தமிழ் எழுத்துகள் ஆங்கில விசைகளில் உட்கார்ந்திருப்பதால், கட்டுரைக்குள் வரும் ஆங்கிலச் சொல்லும் மின்னஞ்சல் முகவரியும் அர்த்தமற்ற தமிழாக மாறி நிற்கும். கோப்போடு ஒரு பிடிஎப் பிரதியும் கொடுத்து, ஆங்கிலம் வரும் இடங்களை அதில் வட்டமிட்டுக் காட்டுங்கள்.

நடுவில் கம்பி அடிக்கும் மலரில் பக்கங்கள் நாலால் வகுபட வேண்டும்; 46 பக்கம் என்றால் இரண்டு வெறுமையாக நிற்கும். ஏ5 அளவில், 80 ஜிஎஸ்எம் (சதுர மீற்றருக்கு 80 கிராம்) தாளில் 48 பக்கமும் 250 ஜிஎஸ்எம் அட்டையும் என்றால் ஒரு பிரதி ஏறத்தாழ 75 கிராம். நூறு பிரதி ஏழரைக் கிலோ. யாழ்ப்பாணத்தில் அடித்து வெளிநாட்டுக்குக் கொண்டுபோகிறவர்கள் பெட்டிக் கணக்கில் இதைச் சேர்க்க மறந்துவிடுகிறார்கள்.

நாங்கள் கத்தோலிக்கர். எங்களுக்கும் இது பொருந்துமா? – வாசகி, பாசையூர்

பொருந்தும். திதியும் பஞ்சபுராணமும் இருக்கும் இடத்தில் சங்கீதமும் செபமும் வரும். 31ஆம் நாள் திருப்பலியின் நேரத்தையும் கோவிலையும் அட்டையின் உட்பக்கத்தில் போடுங்கள். மற்றதெல்லாம் ஒன்றே.

மலரை இணையத்தில் சேமிக்க வழி உண்டா? – வாசகர், சிட்னி

நூலகம் நிறுவனம் 2005 முதல் நடத்தும் எண்ணிம நூலகத்தில் நினைவு மலர்களுக்கென்று தனிப் பகுதி இருக்கிறது. ஊர் வரலாறு எழுதுவோர் அங்குதான் தேடுகிறார்கள். அச்சுப் பிரதியோ பிடிஎப்போ கொடுக்கலாம். எவரும் பார்க்கக்கூடியது என்பதால் அடையாள அட்டை இலக்கம், வீட்டு விலாசம், சிறுபிள்ளைகளின் பிறந்த திகதி ஆகியவற்றை அச்சுக்கு முன்பே எடுத்துவிடுங்கள்.