ஒற்றைக்கால் மேசை வாங்குமுன் அதன் அடியை அளந்து பாருங்கள்

கேள்வி: கோலாலம்பூர் செந்தூலில் 680 சதுர அடி கொண்டோவில் இருக்கிறோம். நான், கணவர், ஆறு வயது மகள், மூட்டுவலி உள்ள மாமியார் என நான்கு பேர். சாப்பாட்டு மேசைக்கு ஒதுக்கிய இடம் 7 அடிக்கு 8 அடி. வரிவரியாகச் செதுக்கிய ஒற்றை உருளைக் கால் கொண்ட வெள்ளை வட்ட மேசை ஒன்று மனதுக்குப் பிடித்துவிட்டது. மேல்பலகை 80 செ.மீ., உருளை 38 செ.மீ., மொத்த எடை 28 கிலோ. எல்லாம் எம்டிஎஃப், அதாவது மர நாரைப் பசையோடு அழுத்திச் செய்த பலகை. சாய்ந்துவிடும் என்று கணவர் பயப்படுகிறார். கூடுதல் பணம் கொடுத்தால் மேலே பளிங்கு போட்டுத் தருவதாகக் கடையில் சொல்கிறார்கள். கனம் கூடினால் சாயாது அல்லவா?

பதில்: உங்கள் இடத்துக்கு ஒற்றைக்கால் வட்ட மேசைதான் சரி. ஆனால் அந்த மேசை வேண்டாம். உங்கள் கணவரின் பயம் நியாயமானது.

கணக்கைச் சொல்கிறேன், கடையில் நின்றபடியே போட்டுப் பார்க்கலாம். மேசை கவிழ்ந்தால் உருளையின் அடி விளிம்பை ஊன்றித்தான் கவிழும். மையத்திலிருந்து அந்த விளிம்புக்கு 19 செ.மீ. அதற்கு வெளியே பலகை 21 செ.மீ. நீட்டிக்கொண்டிருக்கிறது. எடை 28-ஐ 19-ஆல் பெருக்கி 21-ஆல் வகுத்தால் 25 வரும். ஓரத்தில் 25 கிலோ அழுத்தம் விழுந்தாலே எதிர்ப்பக்கம் தூக்கிக்கொள்ளும். முட்டி வலிக்கிறதென்று மாமியார் இரண்டு கையையும் ஊன்றி எழுந்தால் அவ்வளவு அழுத்தம் எளிதில் வந்துவிடும். ஆறு வயதுப் பிள்ளையின் எடையே 20 கிலோ அளவு இருக்கும். அவள் ஓரத்தைப் பிடித்துத் தொங்கினால் என்ன ஆகும் என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

பளிங்கு போட்டால்? 80 செ.மீ. வட்டம், 2 செ.மீ. தடிமன் என்றால் கல் மட்டுமே 27 கிலோ. எம்டிஎஃப் மேல்பலகைக்குப் பதில் இது வருவதால் மேசை ஏறக்குறைய 45 கிலோ ஆகும். தாங்கும் அளவும் 40 கிலோவுக்கு உயரும். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் கனம் முழுக்க மேலே ஏறிவிடுவதால், ஒருமுறை சாயத் தொடங்கினால் சிறிய சாய்விலேயே நிலைதவறிவிடும். விழுவதோ கல். குழந்தை இருக்கும் வீட்டில் இதற்கு நான் சம்மதிக்க மாட்டேன்.

அதே 28 கிலோ மேசைக்கு அடித்தட்டு 54 செ.மீ. இருந்தால் ஓரம் 58 கிலோ வரை தாங்கும். ஒரு கிலோகூடக் கூட்டவில்லை, அகலத்தை மட்டும் மாற்றினோம். பலகையின் விட்டத்தில் மூன்றில் இரண்டு பங்குக்குக் குறையாத அடியைத் தேடுங்கள். ஈரோ சாரினென் 1957-இல் நோல் நிறுவனத்துக்காக வடிவமைத்த ஒற்றைக்கால் மேசையைப் படத்தில் பார்த்திருப்பீர்கள். வார்ப்பு அலுமினியக் கால் தரையை நெருங்கும்போது எக்காளம்போல் விரியும். அந்த மேசையின் அழகும் அதுதான், அதை நிற்க வைப்பதும் அதுதான். இப்போதைய மோஸ்தரான நேர் உருளைக் கால் பருமனாகத் தெரிந்தாலும் தரையில் பிடிமானம் குறைவு.

அடித்தட்டு மெல்லியதாக, ஓரம் சரிவாக இருக்கட்டும். தடித்த தட்டில் நாற்காலியின் முன்கால் ஏறி ஆடும், கால்விரலும் இடிபடும். எம்டிஎஃப் அடி வேண்டவே வேண்டாம். தினமும் மொப் போடும் வீட்டில் ஈரம் ஏறி அடி ஓரம் உப்பிவிடும். இரும்பு அல்லது அலுமினிய அடியே நல்லது. பலகையைக் காலோடு இணைக்கும் இரும்புத் தகட்டையும் குனிந்து பாருங்கள். அது உள்ளங்கை அளவுதான் என்றால் மேசை நாளடைவில் லொடலொடக்கும்.

மேல்தளத்துக்கு வருவோம். பளிங்கில் எலுமிச்சையோ புளியோ பட்டால் மெருகு அரித்து மங்கல் தழும்பு விழும். கல்லுக்குப் பூசும் சீலர் கறையைத் தடுக்கும், இந்த அரிப்பைத் தடுக்காது. ரசம் வைக்கும் வீட்டுக்கு எதற்கு அந்தக் கவலை? சின்டர்ட் ஸ்டோன், அதாவது கனிமப் பொடியை அழுத்திச் சுட்ட செயற்கைக் கல், புளிப்பையும் மஞ்சளையும் தாங்கும், ஓரத்தில் பாத்திரம் இடித்தால் மட்டும் சில்லு பெயரலாம். என் விருப்பத்தைக் கேட்டால் பால்மர (ரப்பர் மர)ப் பலகை. நம் தாத்தா பாட்டிமார் பால் வெட்டிய அதே மரம், பால் வற்றியபின் ஜொகூரின் மூவார் பட்டறைகளில் மேசையாகிறது. எடை குறைவு, அதனால் அடி கனமாக இருக்க வேண்டும். நல்ல வார்னிஷ் பூச்சும் அவசியம்.

இடத்தைப் பொறுத்தவரை, மேசையை நடுவில் போடாதீர்கள். இருபக்கமும் 66 செ.மீ. மட்டுமே மிஞ்சும், நாற்காலியை இழுத்து எழ 75 ஆவது வேண்டும். 8 அடிச் சுவரோரம் 40 செ.மீ. அகல பெஞ்சு போட்டு, மேசை விளிம்பை அதன்மேல் கொஞ்சம் ஏற்றி வையுங்கள். மறுபக்கம் ஒரு மீட்டர் வழி கிடைக்கும். மூலைக் கால்கள் இல்லாததால் மகள் பெஞ்சில் சறுக்கி உள்ளே போய்விடுவாள், தீபாவளிக்கு ஐந்தாவது ஆளும் இடுக்கி உட்காரலாம். நான்கு வாழையிலை மட்டும் கொள்ளாது. விருந்தன்று குழம்புச் சட்டிகள் அடுப்படி மேடையிலேயே இருக்கட்டும்.

மாமியாருக்குக் கைப்பிடி வைத்த நாற்காலி ஒன்று தனியாக வாங்குங்கள். மேசையை ஊன்றாமல் கைப்பிடியை ஊன்றி எழுவார். கைப்பிடி உயரம் 66 செ.மீ.க்குள் இருந்தால், 75 செ.மீ. மேசைக்கடியில் தடையில்லாமல் நுழையும்.