'நார்மல்' ரிப்போர்ட் எத்தனை வருடம் தாங்கும்?

கேள்வி: எனக்கு 52 வயது. போன மாதம் கொலோனோஸ்கோபி (ஆசனவாய் வழியாகக் கேமரா குழாயை விட்டுப் பெருங்குடலைப் பார்க்கும் பரிசோதனை) செய்தார்கள். "எல்லாம் நார்மல், இனி பத்து வருடம் கழித்து வந்தால் போதும்" என்றார் டாக்டர். என் மைத்துனரோ வருடா வருடம் பார்த்துவிடச் சொல்கிறார். யார் பேச்சைக் கேட்பது?

பதில்: டாக்டர் பேச்சைத்தான். பெருங்குடல் புற்றுநோய் பெரும்பாலும் பாலிப் என்னும் சிறு சதை வளர்ச்சியில் தொடங்குகிறது. அது புற்றாக மாறப் பொதுவாகப் பத்து வருடமாவது பிடிக்கும். பாலிப்பே இல்லாத குடலில் அடுத்த வருடமே போய்த் தேடினால் பலன் இல்லை. குடலில் ஓட்டை விழுவது அரிதுதான், ஆனாலும் அந்த அபாயம் ஒவ்வொரு முறையும் கூடவே வரும்.

குடும்பத்தில் இந்த நோய் இல்லாத, முதல் பரிசோதனை சுத்தமாக இருந்த 1,10,074 பேரை ஸ்வீடனில் ஆராய்ந்து, முடிவை 2024-ல் வெளியிட்டார்கள். இடைவெளியை 15 வருடமாக்கினால் ஆயிரம் பேரில் இருவருக்குப் புற்றை முன்கூட்டிக் கண்டுபிடிக்கும் வாய்ப்பும், ஒரு மரணத்தைத் தடுக்கும் வாய்ப்பும் தவறலாம் என்பது அவர்கள் கணக்கு. அதற்காக நீங்களாகவே 15 என்று தள்ளிப்போட வேண்டாம்.

பத்து வருடக் கணக்கு, ஒழுங்காக நடந்த பரிசோதனைக்கு மட்டுமே பொருந்தும். அதனால் ரிப்போர்ட்டை எடுத்துப் படியுங்கள். கருவி பெருங்குடலின் தொடக்கமான சீக்கம் வரை போனதா? போயிருந்தால் அப்படி எழுதியிருக்கும். குடல்வாலின் வாய் தெரியும் படமும் இருப்பது நல்லது. அடுத்து, குடல் எவ்வளவு சுத்தமாக இருந்தது? பாஸ்டன் அளவுகோலில் வலம், நடு, இடம் என மூன்று பகுதிக்கும் தலா 0 முதல் 3 வரை மதிப்பெண். ஒவ்வொன்றிலும் 2-க்குக் குறையக் கூடாது. குறைந்திருந்தால் பத்து வருடம் என்ற பேச்சே இல்லை. ஒரு வருடத்துக்குள் திரும்பச் செய்ய வேண்டும்.

பெரும்பாலும் சறுக்குவது வலப்பக்கத்தில்தான். அங்கே வரும் சில பாலிப்புகள் தட்டையாக, சளி போர்த்திக்கொண்டு, மடிப்புக்குள் ஒளிந்திருக்கும். குடலைச் சுத்தம் செய்யக் கொடுக்கும் பேதி மருந்தை முழுக்க முதல் நாள் இரவே குடித்துவிட்டால், விடிவதற்குள் சிறுகுடலிலிருந்து இறங்கும் நீர் வலப்பக்கத்தில் மறுபடி படிந்துவிடும். அதனால்தான் பாதியை இரவிலும், மீதியைப் பரிசோதனைக்கு 4 முதல் 6 மணி நேரம் முன்பும் குடிக்கச் சொல்கிறோம். கடைசி மிடறு 2 மணி நேரம் முன்பே முடிந்துவிட வேண்டும். கொய்யா, தக்காளி விதைகள் கருவியின் உறிஞ்சு குழாயை அடைக்கும் என்பதால் அவற்றையும் கீரையையும் இரண்டு மூன்று நாள் முன்பே விட்டுவிடுங்கள். இரும்புச்சத்து மாத்திரை மலத்தைக் கறுத்து ஒட்டச் செய்யும். எப்போது நிறுத்துவது என்று டாக்டரிடம் கேளுங்கள்.

இன்னொன்று. மலத்தில் ரத்தம், காரணம் தெரியாத ரத்தசோகை, உடம்பு இளைப்பது என்று ஏதாவது வந்தால், 'ரிப்போர்ட்தான் நார்மலாச்சே' என்று மூலத்தின் மேல் பழியைப் போட்டு உட்கார்ந்திருக்காதீர்கள். பத்து வருடம் என்பது தொந்தரவு எதுவும் இல்லாதவருக்கான கணக்கு.

கேள்வி: அப்பாவுக்கு 48 வயதில் குடல் புற்றுநோய் வந்தது. எனக்கு இப்போது 38. எனக்கும் பத்து வருடம்தானா?

பதில்: இல்லை, ஐந்து. பெற்றோருக்கோ உடன்பிறந்தவருக்கோ 60 வயதுக்கு முன் வந்திருந்தால் 40 வயதில் தொடங்க வேண்டும். அல்லது அவருக்கு நோய் தெரிந்த வயதுக்குப் பத்து வருடம் முன்பு. இதில் எது முந்தியோ அது. உங்களுக்கு அது 38, அதாவது இந்த வருடமே. குடும்பத்தில் வேறு யாருக்காவது குடல் அல்லது கருப்பைப் புற்று இருந்தால் அதையும் சொல்லுங்கள். லின்ச் நோய்க்குறி என்ற பரம்பரைக் கோளாறு இருந்தால் ஒன்று அல்லது இரண்டு வருடத்துக்கு ஒருமுறை பார்க்க வேண்டியிருக்கும்.

கேள்வி: எனக்கு இரண்டு சின்ன பாலிப் எடுத்தார்கள். அடுத்து எப்போது?

பதில்: பயாப்ஸி ரிப்போர்ட்டைப் பார்க்காமல் சொல்ல முடியாது. ஒரு சென்டிமீட்டருக்குள் இருக்கும் சாதாரண டியூபுலர் அடினோமா (பிற்பாடு புற்றாக மாறக்கூடிய பாலிப்பில் ஒரு வகை) ஒன்றோ இரண்டோ என்றால் 7 முதல் 10 வருடம். அதே வகை மூன்று, நான்கு இருந்தால் 3 முதல் 5 வருடம். ஒரு சென்டிமீட்டரும் அதற்கு மேலும் இருந்தால், ஒன்றே ஒன்றானாலும் 3 வருடம். பெரிய பாலிப்பைத் துண்டு துண்டாக வெட்டி எடுத்திருந்தால் ஆறு மாதத்தில் அதே இடத்தைத் திரும்பப் பார்ப்பார்கள். ஓரத்தில் மிச்சம் விட்டுப்போயிருந்தால் அங்கேயே மறுபடி முளைக்கும்.