அஸ்டர் நம் ஊரில் வருமா? – வீட்டுத்தோட்டக் கேள்வி பதில்

திருகோணமலையில் மாரி தொடங்கப் போகிறது, பூங்கன்று ஆசையும் கூடிவிட்டது. இந்த முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் அஸ்டர் பூச்செடி பற்றியே. ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்துப் பதில் எழுதுகிறேன்.

உப்புவெளியிலிருந்து ஓர் அம்மா: ரொறன்ரோவில் மகள் வீட்டு வேலியோரம் செப்டெம்பரில் ஊதா அஸ்டர் கொட்டிப் பூக்கிறது. ஒருமுறை நட்டால் வருடாவருடம் தானே வருமாம். விதை கொண்டுவரச் சொல்லட்டா?

வேண்டாம் அம்மா. அது நியூ இங்கிலாந்து அஸ்டர், வட அமெரிக்காவின் சொந்தச் செடி. பனிக்காலத்தில் மேல்தண்டு பட்டுப்போகும், வேர் மண்ணுக்குள் உறங்கும், வசந்தத்தில் திரும்பத் தளிர்க்கும். அந்த உறக்கத்துக்குக் குளிர் வேண்டும். நமக்கோ மார்கழி இரவில்கூட 23, 24 பாகைக்குக் கீழே இறங்குவது அரிது. அடுத்தது பகலின் நீளம். ரொறன்ரோவில் ஜூன் மாதப் பகல் 15 மணி நேரத்துக்கு மேல். அப்போதுதான் செடி நெடுநெடுவென வளரும். பிறகு பகல் குறுகக் குறுக மொட்டுக் கட்டும். திருகோணமலையில் வருடம் முழுக்கப் பகல் 12 மணியை ஒட்டியே இருப்பதால், வளர முதலே மொட்டு வைக்கப் பார்த்துக் குட்டையாக நின்றுவிடும். அதோடு, அனுமதி எடுக்காமல் வெளிநாட்டு விதை கொண்டுவர 1999ஆம் ஆண்டுத் தாவரப் பாதுகாப்புச் சட்டம் இடம் கொடுக்காது.

அதே அம்மா: சரி, மகளின் செடி பூக்கிற நேரம் சரிந்து விழுகிறதாமே?

ஜூன் கடைசி வரை நுனியை இரண்டு மூன்று தடவை கிள்ளச் சொல்லுங்கள். கிளை கூடும், உயரம் குறையும். ஜூலை நடுவுக்குப் பிறகு கிள்ளினால் பூ பிந்தும். மூன்று வருடத்துக்கு ஒருமுறை வசந்தத்தில் தூரைப் பிரித்து நட வேண்டும். மெக்சிக்கோவுக்குப் பறக்கும் மொனார்க் வண்ணத்துப்பூச்சிகள் வழியில் இந்தப் பூக்களிலும் தேன் குடிக்கும். அதனால் மருந்து அடிக்க வேண்டாம்.

தம்பலகாமம்: அப்போ நாங்கள் எதை நடுவது?

சீன அஸ்டர். பெங்களூர்ப் பக்கம் மாலைக்கென வயல் வயலாகப் போடுகிறார்களே, அதுதான். ஒரு பருவச் செடி, விதையில்தான் வரும். விதைத்து மூன்றரை, நான்கு மாதத்தில் பூக்கும். பொங்கலுக்குப் பூ வேண்டும் என்று செப்டெம்பரில் விதைத்தால், கன்று நட்ட கையோடு அடைமழை வந்து அழுகடித்துவிடும். என் கணக்கில் கார்த்திகை நடுப்பகுதிதான் நல்லது: தாழ்வாரத்தில் தட்டில் விதைத்து, நாலைந்து இலை விட்டதும் மார்கழிக் கடைசியில் நடுங்கள். மாசி, பங்குனியில் பூ பார்க்கலாம், கச்சான் காற்று கிளம்ப முன் முடிந்துவிடும். விதை வாங்கும்போது திகதியைப் பாருங்கள். அஸ்டர் விதைக்கு ஆயுள் குறைவு, பழைய பைக்கற்றில் பாதிகூட முளைக்காது.

நிலாவெளி: எங்கள் மண் வெறும் மணல், கிணறும் சவர்.

அப்படியென்றால் சாடிதான். மண், மக்கிய மாட்டெரு, தும்புத்தூள் மூன்றையும் கலந்து நிரப்புங்கள். மாரியில் கூரைத் தண்ணீரைப் பரலில் பிடித்து வைத்தால் சில வாரமாவது சமாளிக்கலாம். கடற்காற்று நேரே படாமல் வீட்டின் மறுபக்கம் வையுங்கள், ஆனால் ஆறு மணி நேர வெயில் குறையக்கூடாது.

கன்னியா: போன வருடம் நன்றாக வந்தது. இம்முறை அதே பாத்தியில் ஒருபக்க இலை மஞ்சளாகி, செடியே வாடுகிறது. தண்ணீர் போதாதா?

தண்ணீரை நிறுத்துங்கள் தம்பி! தண்டைக் கீறிப் பாருங்கள், உள்ளே கபில நிறக் கோடு இருந்தால் பியூசேரியம் வாடல். மண்ணில் வருடக்கணக்காகத் தங்கும் பூஞ்சை அது, வந்த செடியைக் காப்பாற்ற வழியில்லை. பிடுங்கி எரியுங்கள், கூட்டெருக் குழியில் போடாதீர்கள். அந்தப் பாத்தியில் நாலைந்து வருடம் அஸ்டர் வேண்டாம். கத்தரி, மிளகாய் போடலாம், இந்த வகைப் பூஞ்சை அவற்றைத் தொடாது.

மூதூர்: பூ வெட்டிய பிறகு திரும்பப் பூக்குமா?

பக்கக் கிளையில் கொஞ்சம் வரும், அவ்வளவுதான். வருடக்கணக்கில் நிற்கிற பூதான் வேண்டுமென்றால் செவ்வந்தி வையுங்கள். பூத்து முடிந்ததும் அடியோடு வெட்டிவிட்டால் பக்கக் கன்று விடும், அதைப் பிரித்து நடலாம்.