நீல ஒளியில் கன்ட்ரோல் செல்களும் சாகின்றன என்றால்

உங்கள் ஆப்டோ-டிஆர்கே அமைப்பை (நரம்பு வளர்ச்சிச் சமிக்ஞை தரும் டிஆர்கே ஏற்பியை நீல ஒளியால் இயக்கும் முறை) சந்தேகிக்க வேண்டாம். அந்த ஜீன் செலுத்தாத கன்ட்ரோல் பிசி12 செல்களும் (ஆய்வகத்தில் வளர்க்கும் ஒரு செல் வகை) 24 மணி நேர நீல ஒளியில் செத்துவிட்டன என்று உங்கள் கேள்வியில் நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் கொல்வது ஒளிதான், சமிக்ஞை அல்ல.

பெரும்பாலும் காரணம் மீடியம், அதாவது செல்கள் வளரும் ஊட்டத் திரவம். அதிலுள்ள ரைபோஃப்ளேவின் (வைட்டமின் பி2) நீல ஒளியை உறிஞ்சி, செல்லைக் கொல்லும் ஹைட்ரஜன் பெராக்சைடை உண்டாக்கும். அமிலத்தன்மையை நிலையாக வைக்கும் ஹெப்பிஸ் பஃபர் சேர்ந்திருந்தால் இன்னும் மோசம். ஃபீனால் ரெட் என்ற நிறச் சாயம் இல்லாத மீடியம்தான் என்கிறீர்கள், ஆனால் ரைபோஃப்ளேவின் அதிலும் இருக்கும்.

இப்படிப் பாருங்கள்:

1. செல் இல்லாத வெறும் மீடியத்தை அதே எல்இடி மேல் அதே நேரம் வையுங்கள்.
2. உடனே அதை இருட்டில் வளர்ந்த செல்களுக்கு மாற்றுங்கள். மறுநாள் செத்திருந்தால் மீடியம்தான். பிழைத்தால் சூட்டை அளந்து பாருங்கள். எல்இடி பலகையைத் தட்டின் அடியில் ஒட்டிவைத்து, ஒருமுறை செல்களை அவித்தே எடுத்திருக்கிறேன்.

பைருவேட் (சில மீடியங்களில் சேர்க்கும் ஊட்டப்பொருள்) உள்ள மீடியத்தில் இந்தச் சோதனை ஏமாற்றும். அது பெராக்சைடைத் தின்றுவிடும்.

உங்கள் அமைப்பில் ஒளியை உணரும் புரதம் க்ரை2 என்றால் தொடர் ஒளியே தேவையில்லை. விளக்கு அணைந்தபின் அது பழைய நிலைக்குத் திரும்பச் சில நிமிடங்கள் பிடிக்கும். நிமிடத்துக்கு ஓரிரு வினாடி ஒளியில் தொடங்குங்கள்.

இது பார்க்கின்சன் நோய்க்குச் சிகிச்சையாகுமா என்று கேட்டதற்கு: பிசி12 எலியின் அட்ரினல் கட்டியிலிருந்து வந்த செல். அதில் நியூரைட் (நரம்பு செல் போன்ற நீட்சி) நீள்வதை வைத்து மூளையைப் பற்றிப் பேச முடியாது. நீல ஒளி மூளைத் திசுவில் ஒரு மில்லிமீட்டர் தாண்டுவதே பெரும்பாடு.