நகையை அடகு வைக்கும் முன் ஒரு நிமிடம்

பாபநாசம் சகோதரிக்கு வணக்கம். சத்துமாவு அரைக்க 4 லட்சத்துக்கு மிஷின் பார்த்திருக்கிறீர்கள், நகையை வைத்து வாங்கிவிட்டு அப்புறம் மானியம் கேட்கலாமா என்கிறீர்கள். வேண்டாம். பிரதமரின் குறு உணவு பதப்படுத்தும் நிறுவனத் திட்டத்தில் மானியம் வங்கிக் கடனோடு கட்டப்பட்டது. கடன் இல்லாமல் வாங்கிய மிஷினுக்குக் காசு வராது. என் சித்தி மகன் இப்படித்தான் அவசரப்பட்டு ஏமாந்தான்.

கணக்கு இதுதான். 4 லட்சத்தில் உங்கள் பங்கு 10 சதவீதம், 40,000. மீதி 3,60,000 கடன். மானியம் 35 சதவீதம், அதாவது 1,40,000. அது கைக்கு வராது. வங்கியிலேயே உங்கள் பெயரில் கிடக்கும், அந்தத் தொகைக்கு வட்டி கிடையாது. மூன்று வருடம் தவணை ஒழுங்காகக் கட்டி, தொழிலும் நடந்தால் கடனில் கழிப்பார்கள். இடையில் தவணை நின்றால் சிக்கல்.

மாவட்டத் தொழில் மையத்தில் விண்ணப்பம் இப்போது வாங்குகிறார்களா என்று கேளுங்கள். மிஷின் விற்பவர் எழுதித் தரும் விலைக் கொட்டேஷனில் அவரது ஜிஎஸ்டி எண் இருக்கட்டும்.

அதற்கும் முன்னால், தஞ்சாவூர் நிஃப்டெம், அதாவது மத்திய அரசின் உணவுத் தொழில்நுட்ப நிறுவனம், உங்களுக்குப் பக்கம்தானே (பெரியவர்களிடம் நெல் ஆராய்ச்சி மையம் என்றால் வழி சொல்வார்கள்). அங்கே தொழில்முனைவோருக்கான இன்குபேஷன் மையம் இருக்கிறது, அதாவது சொந்த மிஷின் இல்லாதவர்கள் கட்டணம் கட்டி அங்குள்ள மிஷினைப் பயன்படுத்தும் இடம். அரசுப் பணத்தில் போட்ட மிஷின்கள். கட்டணம் எவ்வளவு என்று விசாரித்து, பத்து கிலோ வறுத்து எடுத்துப்போய் அரைத்துப் பாருங்கள். மாவு சூடேறி வாசனை போகிறதா என்று அங்கேயே தெரிந்துவிடும். எந்த மிஷின் வாங்குவது என்பதை அப்புறம் முடிவு செய்யலாம்.